வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா

(திருவொற்றியூரில் உள்ளடக்கிய கல்வி குறித்து ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில், சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு இது. யாராவது கண்ணயர்ந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெற்றோருக்கு ஆலோசனை வழங்குதல்’. பதினைந்து வருடங்களாக இந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் போய் ஆலோசனை வழங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், வழங்கிய ஆலோசனையில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். எனவே தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்கும் அம்மாவின் மனநிலை பற்றியும், அதில் பள்ளிக்கூடத்துக்கு என்ன பங்கு என்பது பற்றியும் பேசப்போகிறேன்.

உங்கள் பள்ளியின் வராந்தாவை நினைத்துப் பாருங்கள். இராயபுரமோ, காசிமேடோ, கத்திவாக்கமோ, நான் போகிற பள்ளிகளில் அநேகமாக ஒரு அம்மா அங்கே உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குக் கழிப்பறைக்குப் போக உதவி வேண்டும், அல்லது திடீரென்று எழுந்து ஓடிவிடும், அல்லது வலிப்பு வரலாம். அதனால் காலை ஒன்பது மணிக்கு வந்தவர் நாலு மணிவரை படிக்கட்டிலோ தூண் ஓரத்திலோ இருப்பார். முதல் வாரம் எல்லாரும் “என்னம்மா” என்று கேட்போம். ஒரு மாதத்தில் அவர் அந்தத் தூணைப் போல ஆகிவிடுவார். நாம் அவரைத் தாண்டிப் போவோம்.

ஒரு பள்ளியில், நல்ல ஆசிரியர்தான், என்னிடம் கேட்டார்: “அந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?” நானும் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கும் பதில் தெரியாது.

நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பெயர்கள் வேண்டாம்.

பத்து வருடத்துக்கு முன்பு. எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் மேல்தளத்தில் ஒரு வீடு. எட்டு வயதுப் பையன், மூளை முடக்குவாதம். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பேச்சு வராது, ஆனால் நாம் பேசுவது எல்லாம் புரியும். கண்ணைப் பார்த்தாலே தெரியும். பள்ளிக்குக் கொண்டுவர வழியில்லாததால் வீட்டுவழிக் கல்வி. வாரம் ஒருநாள் நான் போவேன். காலை நீட்டி மடக்கும் பயிற்சி, உட்காரவைக்கும் பயிற்சி எல்லாம் எழுதிக் கொடுத்து, தினமும் செய்தீர்களா என்று குறிக்க ஒரு நோட்டும் கொடுத்திருந்தேன். அந்த அம்மா நோட்டில் டிக் போடவே மாட்டார். மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவும் ஆயாவும் வாசலில் நிற்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: “பெத்தவங்க நீங்களே அக்கறை காட்டலைன்னா நான் வந்து என்ன பிரயோஜனம்?”

அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். அடுத்த வாரம் போனேன், வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். பதிவேட்டில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். இன்றைக்கும் அந்த வரி எங்கேயோ ஒரு பதிவேட்டில் என் கையெழுத்தோடு இருக்கும்.

அவர் அம்மா வீட்டுக்கெல்லாம் போகவில்லை. வெள்ளிக்கிழமை நான் வரும் நேரத்தில் வெளிப்பக்கம் பூட்டச் சொல்லிவிட்டு, உள்ளே பிள்ளையோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இதை அவரே பிறகு சொன்னார். “நீங்க வர்ற நாள் வந்தா பயமா இருக்கும் டீச்சர். பரீட்ச மாதிரி. நான் எப்பவுமே பெயிலுதான்.”

அவருடைய நாளை நான் அதற்குப் பிறகுதான் கேட்டேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து இறால் உரிக்கும் வேலைக்குப் போவார். அந்த நேரத்தில் பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ளும். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, கீழே போய்த் தண்ணீர் பிடித்து, குடம் குடமாக மாடி ஏற்றுவார். பிள்ளைக்கு ஊட்ட ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், அவசரப்பட்டால் புரையேறும். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் இரண்டு நாள் வீட்டுக்கு வர மாட்டார். ராத்திரி பிள்ளைக்குக் கால் இழுக்கும், அழும், பிடித்துவிட வேண்டும். எட்டு வருடமாக அந்தப் பெண் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. அவரிடம்தான் நான் டிக் போடச் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். ஆயாவையும் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே கேட்டேன். திட்டியது அவர்கள் முன்னால் என்றால், கேட்க வேண்டியதும் அங்கேதானே. அடுத்த மூன்று வாரம் நான் பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை. “நான் இவனோட இருக்கேன், நீங்க போய்ப் படுங்க” என்றேன். முதல் நாள் அவருக்குப் படுக்கவே தெரியவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் நாற்பது நிமிடம் தூங்கினார். எழுந்ததும் பதறி, “அழுதானா?” என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டிருந்தான். என் பதினைந்து வருடப் பணியில் உருப்படியாக நான் கொடுத்த சிகிச்சை அதுதான் என்று சில சமயம் தோன்றும்.

ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறோம்: “அவங்க இன்னும் ஏத்துக்கலை.” பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதை அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை என்கிறோம். போன மாதம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இந்த மாதம் அழுகிறார் என்றால், பழையபடி ஆகிவிட்டார் என்கிறோம். 1962இல் சைமன் ஒல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு பழகிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: இந்தத் துக்கம் ஒருமுறை வந்து தீர்ந்துபோகிற துக்கம் இல்லை, வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். அது நோயும் அல்ல, பெற்றோரின் மனக் கோளாறும் அல்ல, அவர்கள் நிலையில் இயல்பானது. ‘நாட்பட்ட துயரம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். இறந்தவருக்காக அழுதால் பதினாறாம் நாள் காரியம் என்று ஒரு கணக்காவது உண்டு. கண் எதிரே சிரித்துக்கொண்டு உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக வரும் துக்கத்துக்கு நம் ஊரில் சடங்கும் கிடையாது, கணக்கும் கிடையாது.

அது எப்போது திரும்பி வரும் என்று தெரிந்துகொண்டால் நமக்கே பாதி விஷயம் புரிந்துவிடும். ஜூன் மாதம் வரும். தெருப் பிள்ளைகள் எல்லாம் புதுப் பையோடு போகும்போது வரும். பக்கத்து வீட்டில் பின்னால் பிறந்த குழந்தை முதலில் நடக்கும்போது வரும். பெண் பிள்ளையாக இருந்தால் பெரியவளாகும் நாளில் வரும். மற்ற வீடுகளில் பந்தல் போட்டுச் சீர் வைப்பார்கள், இந்த வீட்டில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, மாதாமாதம் துணியை யார் மாற்றுவது, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளில் வரும். தம்பிக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வரும். அந்த நாளில் அவர் உங்களிடம் எரிந்து விழுந்தால், உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே அம்மாதான் அன்று சாயங்காலம் பிள்ளைக்குப் பவுடர் போட்டு, முத்தம் கொடுத்து, “என் ராஜா” என்று கொஞ்சிக்கொண்டிருப்பார். இரண்டும் உண்மை. ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று ஆகிவிடாது.

அடுத்து, பழி. இதில் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

நம் தெருவில் சொல்வது எல்லாருக்கும் தெரியும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், வயிற்றில் இருக்கும்போது சாவு வீட்டுக்குப் போனாள், அவள் ராசி அப்படி. மாமியார் வீட்டில் “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது” என்பார்கள். பிள்ளைக்கு அப்பாவும் ஒருவர் உண்டு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் படித்தவர்கள் சொன்னது இதைவிட மோசம். ஆட்டிசம் பற்றி லியோ கானர் 1943இல் முதன்முதலில் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல், தாய் அன்பு காட்டாமல் குளிர்ந்துபோய் இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று மேல்நாட்டில் பெரிய பெரிய நிபுணர்களே பேசினார்கள். ‘குளிர்பெட்டித் தாய்’ என்றே ஒரு பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கான அம்மாக்கள் அதை நம்பி, தங்களையே நொந்துகொண்டு வாழ்ந்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, அது தவறு, இது உடலோடும் மூளையோடும் சம்பந்தப்பட்டது என்று புத்தகம் எழுதிய பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல ஒழிந்தது.

ஒழிந்ததா? போன மாதம் ஒரு பள்ளியில் என் காதால் கேட்டேன்: “சின்ன வயசுலேயே செல்போனைக் கையில கொடுத்துட்டீங்க, அதான் ஆட்டிசம் வந்துடுச்சு.” சொன்னவர் ஆசிரியர். அதிக நேரம் திரை பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லதில்லை, அது வேறு விஷயம். ஆட்டிசம் செல்போன் கொடுத்ததால் வருவதில்லை. அது பிறவியிலேயே அமையும் நரம்பு வளர்ச்சி வேறுபாடு. அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அம்மா செல்போன் கொடுத்தது பிள்ளை பத்து நிமிடம் ஒரு இடத்தில் உட்காரட்டும், அதற்குள் சோறு வடித்துவிடலாம் என்பதற்காக. கிரகணம் என்று சொன்ன பாட்டியை நாம் படிக்காதவர் என்கிறோம். நம் வாயிலிருந்து வரும்போது அதே பழி அறிவியல் வேஷம் போட்டுக்கொள்கிறது.

இந்தப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடியுமா? அதனால்தான் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முப்பத்தைந்து வயதிலேயே முதுகு போய்விடுகிறது.

2023 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல், வெள்ளம், வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய். அது ஓயும் முன்பே 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சுனாமி வந்ததும் டிசம்பர் 26தான். பத்தொன்பது வருடம் கழித்து அதே தேதியில் மறுபடியும் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எண்ணூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மகளுக்குப் பதினோரு வயது, நடக்க மாட்டாள், சொன்னார்: “எல்லாரும் கொயந்தைங்களக் கையப் புடிச்சு இழுத்துக்கினு ஓடுனாங்க டீச்சர். நானு இவளத் தூக்குனேன். பத்தடி போனேன். மூச்சு முட்டுது, கண்ணு எரியுது. கீழ உக்காந்துட்டேன். ஈரத் துண்ட இவ மூஞ்சில போட்டேன். யாரோ ஒரு பையன், தெரியாத பையன், வந்து தூக்கிக்கினு ஓடுனான்.” அந்தப் பையன் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆபத்து நீங்கி எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் அவருக்குப் பல மாதம் ராத்திரித் தூக்கம் வரவில்லை. காற்று கொஞ்சம் வேறு மாதிரி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பள்ளியில் நாம் பார்த்தது என்ன? மகளை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பாத அம்மா.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 8ஆவது பிரிவு பேரிடர்க் காலப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்கிறது. மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெரிய பட்டியல் ஒருபுறம் இருக்கட்டும். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டிய பிள்ளைகள் நம் பள்ளி எல்லையில் யார் யார், எந்தத் தெரு, எந்த மாடி என்பது நமக்குத் தெரியும். எமிஸ் பதிவில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை எடுத்து, அந்தத் தெருவிலேயே இருக்கும் இரண்டு இளைஞர்களிடம் “ஏதாவது ஒன்றென்றால் இந்த வீட்டுக்கு முதலில் போங்கள்” என்று சொல்லிவைக்கலாம். ஒரு பள்ளியில் செய்தோம். செலவு ஒரு பைசா கிடையாது. அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, பெயர்களை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக நம் நாட்டில் நடந்த பல நல்ல காரியங்களை அம்மாக்கள்தான் தொடங்கியிருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்காக மிது ஆலூர் மும்பையில் 1972இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் பூனம் நடராஜன், அவருடைய மகனுக்கும் அதே பிரச்சினை, 1985இல் தொடங்கியதுதான் இன்றைக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர். பின்னாளில் அவர் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். டவுன் சிண்ட்ரோம் என்றால் சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் ஒரு தாய். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயாவில் குழந்தையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். வராந்தாவில் இல்லை, வகுப்புக்குள்ளே. அதைக் கவனியுங்கள்.

இவர்களை மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சிகளில் நாம் இவர்களை உதாரணம் காட்டி, “நீங்களும் நினைத்தால் முடியும்” என்று அம்மாக்களிடம் பேசிவிடுகிறோம். கோட்டூர்புரத்துக்கும் எண்ணூருக்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, நல்ல நிறுவனம். கத்திவாக்கத்து அம்மாவுக்கு அது சென்னையின் மறு நுனி. ஒருநாள் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. எல்லா அம்மாவும் சாதனைத் தாயாக வேண்டியதில்லை. சாதாரண அம்மாவாக, சில நாள் சலித்துக்கொண்டு, சில நாள் சீரியல் பார்த்துக்கொண்டு இருக்க அவர்களுக்கும் உரிமை உண்டு. “கடவுள் உங்களை நம்பித்தான் இந்தக் குழந்தையைக் கொடுத்திருக்கிறார்” என்று நாம் ஆறுதலாகச் சொல்வதும் அப்படித்தான். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “என்ன அவ்ளோ நம்பினவரு, கூட ரெண்டு கையும் கொடுத்திருக்கலாம்ல டீச்சர்?”

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் இல்லை. போன் விஷயத்திலிருந்து வருகிறேன்.

பள்ளியிலிருந்து இந்த அம்மாக்களுக்கு எப்போது போன் போகிறது? துணியை நனைத்துவிட்டான், கடித்துவிட்டாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அவ்வளவுதான். பள்ளி நம்பரைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்கிறார்கள். இராயபுரம் பக்கம் ஒரு ஆசிரியையிடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு நல்ல செய்தி மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதல் போன் போனபோது அந்த அம்மா பதற்றத்தில் எடுத்ததுமே, “இதோ வந்துட்டேன் மிஸ்” என்று வைத்துவிட்டு ஓடியே வந்துவிட்டார். ஆசிரியை வாசலில் நின்றுகொண்டு, “ஒண்ணும் இல்லம்மா, இன்னிக்குப் பக்கத்துப் பொண்ணுக்குத் தன் பென்சிலைக் கொடுத்தான், அதைச் சொல்லத்தான்” என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பென்சிலா?” என்று கேட்டாராம். மூன்று முறை கேட்டாராம்.

வராந்தா அம்மாவுக்கு முதலில் ஒரு நாற்காலி. பிறகு ஆசிரியர் கழிப்பறைச் சாவி. எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும், கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்தில். அதற்குப் பிறகு அவரை வராந்தாவிலிருந்து எழுப்பிவிடும் வழியைப் பாருங்கள். திருவொற்றியூரில் ஒரு தலைமையாசிரியர் இதைச் செய்தார். தூய்மைப் பணியாளர் அம்மாவோடு பேசி, எங்கள் பயிற்சியாளர் ஒருவரை வைத்து அந்தப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்த அம்மாவிடம், “காலையில விட்டுட்டுப் போங்க, பன்னிரண்டரைக்கு வந்தா போதும்” என்றார். முதல் இரண்டு நாள் அவர் வாசல் கேட்டிலேயே நின்றார். மூன்றாம் நாள் காணவில்லை. எங்கே போனீர்கள் என்று பிறகு கேட்டேன். “எங்கயும் போகல. கடற்கரைல கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்கல்ல, அதும்மேல போய் உக்காந்தேன். மடில யாரும் இல்லாம கடலைப் பாத்து ஆறு வருசம் ஆச்சு.”

பிள்ளையை வைத்துக்கொண்டே அவர் தலைக்கு மேலாகப் பேசாதீர்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பாவையும் ஒருமுறையாவது வரச் சொல்லுங்கள். வர மாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது வந்த அப்பாக்கள் உண்டு. அக்கா, அண்ணன் நம் பள்ளியிலேயே படிப்பார்கள். அவர்களை அந்தப் பிள்ளைக்கு ஆயாவாக மாற்றிவிடாதீர்கள், அவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது.

உதவித்தொகை விவரம் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அம்மாவின் மனச்சுமையில் பாதி பணத்தாலும் அலைச்சலாலும் வருவது. தனித்துவ அடையாள அட்டை, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு. ஒரு காலத்தில் திருவொற்றியூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர்வரை போன அம்மாக்களோடு நானும் போயிருக்கிறேன். 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்த்த பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. 2021இல் விம்கோ நகர்வரை மெட்ரோ வந்ததும், லிஃப்டில் சக்கர நாற்காலியோடு ஏற முடிகிறது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். “நானும் இவனும் ஒண்ணாப் போயிட்டா நல்லா இருக்கும்” என்று ஒரு அம்மா உங்களிடம் சொல்லக்கூடும். சிரித்துக்கொண்டே கூடச் சொல்லலாம். நம் வாயில் உடனே வருவது, “சீ, அப்படியெல்லாம் பேசாதீங்க.” அத்தோடு அவர் வாயை மூடிக்கொள்வார், எண்ணம் உள்ளேயே இருக்கும். வாயை அடைக்காமல், தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு நினைக்கிறீங்களா? எவ்வளவு நாளா?” கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பது அவர்களுக்குச் சுமையை இறக்கிவைப்பது மாதிரி. அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். நம் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நான் ஒருவரோடு அங்கே போயிருக்கிறேன். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், தலை வாராமல், பிள்ளையின் சிரிப்பைப் பார்த்தும் முகம் மாறாமல் இருந்தார். சலிப்பு வேறு, இது வேறு என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார், பேச வரச் சொன்னார். “பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரையா டீச்சர்?” என்று பஸ்ஸில் வரும்போது கேட்டார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுவது மாதிரி என்றேன். ஒரு மாதம் கழிந்த பிறகு ஒருநாள் என் புடவையைப் பார்த்து, “இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இல்ல” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லா அம்மாவும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எனக்கு அப்புறம் யாரு?” இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. இருப்பதுபோல் நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது ஒரு காகிதம்தான். ஆனால் யார் பெயரைப் போடுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசவைக்கும் காகிதம். பல வீடுகளில் அந்தப் பேச்சு முதல்முறையாக அப்போதுதான் நடக்கிறது.

அந்த எர்ணாவூர்ப் பையனுக்கு இப்போது பதினெட்டு. வீட்டில் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. சித்தி பெயரா, அக்கா பெயரா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா இறால் வேலையை விட்டுவிட்டு இட்லி போடுகிறார். அந்தக் குடியிருப்பிலேயே இதே மாதிரி பிள்ளைகள் உள்ள இன்னும் நாலு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டார். நான் ஏற்பாடு செய்ததில்லை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தானாகச் சேர்ந்தது. ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பதிவேடு, தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. தயவுசெய்து அதற்கு ஒரு படிவம் தயாரித்துவிடாதீர்கள்.

போன வாரம் எனக்குப் போன் செய்தார். “டீச்சர், வர்ற வெள்ளிக்கிழமை வராதீங்க. நாங்க அஞ்சு பேரும் வீட்ல இருக்க மாட்டோம்.” என்னம்மா, மறுபடியும் பூட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பசங்களையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் போகிறார்களாம். எங்கே என்று கேட்டதற்கு, “கடைசி ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு, அப்படியே திரும்பி வருவோம்” என்றார்.